மந்திரி குடியிருந்த வேன்

ஆஸ்திரேலியாவில் யரகூன் என்ற ஊரின் கவுன்சில் எல்லைக்குள் எந்த மனிதரும் எந்த வாகனத்துக்குள்ளும் உறங்கக் கூடாது. இது அந்த ஊரின் சட்டம். ஆற்றங்கரை, கண்காட்சித் திடல், நூலக வாசல் என்று எல்லா இடத்திலும் பலகை வைத்திருக்கிறார்கள். கவுன்சில் கூட்டத்தில் உறங்குவதைப் பற்றி அதில் எதுவும் சொல்லப்படவில்லை. பொதுநலத்துக்காக உறங்குவது வேறு வகை என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தச் சட்டம் மேவிஸ் ட்ரெலோரை வெகுகாலம் ஒன்றும் செய்யவில்லை. அவளுக்கு ஒரு வாடகை வீடு இருந்தது. அந்த வீட்டுச் சமையலறையில்தான் பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலையின் தொழிற்சங்கக் கிளை கூடும். பீச் பழ சீசனில் வரிசையில் நிற்கும் பெண்களுக்குக் கழிப்பறைக்குப் போக நேரம் வேண்டும் என்ற கோரிக்கை அங்கேதான் பிறந்தது. அதற்காக ஆலையையே நிறுத்திக் காட்டியவள் மேவிஸ். பிறகு ஆலை தானாகவே நின்றுபோனது. சங்கக் கிளையும் மூடப்பட்டது. இப்போது வீட்டுக்காரரின் மகன், மெல்பர்னில் இருப்பவர், அந்த வீட்டை 'நாட்டுப்புற அமைதி இல்லம்' என்று பெயரிட்டு வாரக்கடைசி விருந்தினருக்கு விடப்போகிறார். அமைதிக்கு மேவிஸ் இடைஞ்சல். குளிர் தொடங்குமுன் அவள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போட்டாள். வரிசையில் இருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. வரிசை நகர்கிறதா என்று கேட்டாள். வரிசை மிகவும் நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

எஞ்சியிருந்தது அந்த வேன். கிளையை மூடிய அன்று, ஆயுள் முழுக்க உழைத்ததற்காகச் சங்கத் தலைமை அவளுக்கு ஒரு பாராட்டு மடலும் ஒரு பழைய வீட்டு வேனும் கொடுத்திருந்தது. முன்பக்கம் லாரி, பின்பக்கம் வீடு. மடக்குக் கட்டில், இரண்டு அடுப்பு, கைப்பம்பு வைத்த தண்ணீர்த் தொட்டி. வேலைநிறுத்தக் காலத்தில் பிரசாரத்துக்கு ஊர் ஊராகப் போன வண்டி. கண்காட்சித் திடலின் மூலையில் யூகலிப்டஸ் மரத்தடியில் விட்டது விட்டபடி நின்று, நான்கு டயரும் மண்ணுக்குள் இறங்கி, கூரையில் பாசி பிடித்து, கதவைத் திறந்தால் உள்ளிருந்து வருகிற வாசனை ஆளையே வெளியே தள்ளுகிற நிலையில் இருந்தது.

ஸ்டாவ்ரோஸைக் கூட்டிப் போய்க் காட்டினாள். ஓய்வு பெற்ற பஸ் மெக்கானிக், கிரேக்கன். நல்ல வார்த்தை பேசினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று நம்புகிறவன்.

"ஓடுமா?"

"ஓடும். முதல்ல தான் ஒரு எஞ்சின்னு அதுக்கே ஞாபகப்படுத்தணும்."

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஓட்டைகளில் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டான். தினமும் வந்து கம்பி போட்டு எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிப் பார்த்தான். பெட்ரோல் டாங்கைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் இல்லை, வார்னிஷ் இருந்தது. காற்று வடிகட்டிக்குள் எலிக்கூடு. கூட்டுக்குள் பாராட்டு மடல். 'நன்றியுடன்' என்ற சொல்லை மட்டும் எலி தின்னாமல் விட்டிருந்தது. அது யாருக்கும் ஒத்துக்கொள்ளாத சரக்குதான். மேவிஸ் உள்ளே ஊறிப்போன பலகைகளைப் பிய்த்தெறிந்து புதிது அடித்தாள். கூரைச் சந்துகளில் பசை பூசினாள். அடுப்புக்குள் குடும்பம் நடத்திய சிலந்திகளைத் துடைப்பத்தால் வெளியேற்றினாள்.

"நோட்டீஸ் குடுக்காமலா காலி பண்ற?" என்று வண்டிக்கு அடியிலிருந்து ஸ்டாவ்ரோஸ் கேட்டான்.

"வாயை மூடிக்கிட்டு பிரேக்கைப் பாருடா."

வேலை பாதியில் இருக்கும்போது லயனல் பிரிட்சர்ட் வந்து சேர்ந்தார். உள்ளூர்ச் சட்ட அதிகாரி. பகலிலும் ஒளிரும் மஞ்சள் சட்டை. அந்த வேலைநிறுத்தத்தின்போது மேவிஸ் ஊற்றிய சூப்பைக் குடித்து வளர்ந்த பிள்ளை. அதற்காக அவர் சட்டத்தை வளைக்கக் கூடியவர் அல்ல. சூப் தண்ணீராக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"திருமதி ட்ரெலோர், இதுக்குள்ள தூங்கப் போறீங்களா?"

"ரிப்பேர் பண்றேன், தம்பி."

"கட்டில் போட்டிருக்கீங்களே."

"உங்க ஆபீஸ்ல நாற்காலி போட்டிருக்கு. அதனால அங்க வேலை நடக்குதுன்னு அர்த்தமா?"

பிரிட்சர்ட் அபராதப் புத்தகத்தை எடுக்கப்போன நேரத்தில், கட்டிலுக்கு மேலிருந்த அலமாரிக் கதவு மெல்லத் திறந்தது. அந்த நாட்டில் மரங்களில் வாழும் பிராணியான பொஸ்ஸம் ஒன்று எட்டிப் பார்த்தது. பூனை அளவு, உருண்டைக் கண், இளஞ்சிவப்பு மூக்கு, புசுபுசுவென்று வால். மூவரையும் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"மந்திரியை எழுப்பிட்டீங்களே!" என்றான் ஸ்டாவ்ரோஸ்.

"மந்திரியா?"

"பகலெல்லாம் தூங்குறாரு. ராத்திரி வெளிய போய்த் தின்னுட்டு வர்றாரு. மேல இருந்துக்கிட்டு எங்க தலையில ஒண்ணுக்குப் போறாரு. வேற என்ன பேரு வைக்கிறது?"

பிரிட்சர்ட் தொப்பியைக் கழற்றிவிட்டார். மேவிஸுக்காக அவர் தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"இது எவ்வளவு காலமா இங்க இருக்கு?"

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருக்கு."

"அப்ப இது அதோட வீடு."

"இது என் வேன், தம்பி."

"வேன் உங்களோடது. வீடு அதோடது."

பிறகு சட்டத்தை விளக்கினார். பொஸ்ஸம் பாதுகாக்கப்பட்ட பிராணி. அதை அதன் வீட்டிலிருந்து ஐம்பது மீட்டருக்கு அப்பால் கொண்டுபோகக் கூடாது. பகலில் அது தூங்குவதால் பகலில் சுத்தியல் சத்தம் கூடாது. இரவில் ஊர் தூங்குவதால் இரவிலும் கூடாது. மற்ற நேரங்களில் தாராளமாக ரிப்பேர் செய்துகொள்ளலாம்.

"அது மட்டும் வாகனத்துல தூங்கலாமா?"

"சட்டத்துல 'எந்த மனிதரும்'னுதான் போட்டிருக்கு."

மேற்படி பிராணியின் குடியிருப்புப் பிரச்சினையை மாட்சிமை பொருந்திய கவுன்சில் அவசரமாகக் கையில் எடுத்தது. அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேறியது. ஒரு நிபுணர் மெல்பர்னிலிருந்து விமானத்தில் வந்தார். பொஸ்ஸமுக்கு இரண்டு அறைப் பெட்டி ஒன்று கட்டி மரத்தில் மாட்டினார்கள். வெயில் வரும் வடக்குப் பார்த்த வாசல், உள்ளே கம்பளி, மேலே மழை மறைப்பு. மேயர் கிளெனிஸ் ஹார்கிரீவ்ஸ் ஏணியில் ஏறி ரிப்பன் வெட்டினார்.

"யரகூனில் வீடில்லாமல் எந்த உயிரும் இருக்கக் கூடாது!" என்று முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"மேயரம்மா," என்று கீழிருந்து கூப்பிட்டாள் மேவிஸ், "நானும் வீட்டைக் காலி பண்ணணும். எனக்கும் இப்படி ஒரு பெட்டி கிடைக்குமா? வடக்குப் பார்த்து இல்லாட்டியும் பரவால்ல."

"அது மாநில அரசோட துறைம்மா."

"அதோட, நீங்க அருகி வர்ற இனம் இல்லையே," என்று பிரிட்சர்ட் பணிவாக எடுத்துச் சொன்னார்.

"யாரு சொன்னது?" என்றான் ஸ்டாவ்ரோஸ். "சங்கத்துக்காரி இனம் அருகிப்போய் ரொம்ப நாளாச்சு."

மந்திரி அன்று மாலை புது வீட்டைப் பார்வையிட்டார். இரண்டு அறைகளுக்கும் போனார். வாசலில் ஒன்றுக்கிருந்தார். திரும்பி வந்து வேன் அலமாரிக்குள் சுருண்டுகொண்டார். ஊரிலேயே முதன்முறையாக ஒருவர் தனக்கு ஒதுக்கப்பட்ட அரசு வீட்டை வேண்டாம் என்று சொன்னதால், அதற்கு என்ன விதி என்று யாருக்கும் தெரியவில்லை.

மேவிஸ் சாவி கொடுக்க வேண்டிய வாரம் வந்தது. அதே வாரத்தில் பழைய வேன் திருவிழாவும் வந்தது. இப்போது நகரத்தில் அதுதான் மோகம். குளிர்சாதனம் வைத்த வீட்டைப் பூட்டிவிட்டு, குளிர்சாதனம் வைத்த வேனில் வந்து, எளிமையாக வாழ்கிறார்கள். திடலில் அவர்களுக்கு உறங்க அனுமதி உண்டு. அவர்கள் உறங்குவது சட்டப்படி சுற்றுலா. வேன்கள் புத்தம் புதியவை. பழசாகத் தெரிவதற்காக ஆள் வைத்துத் துரு வரைந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மேவிஸின் வண்டியைத் தடவிப் பார்த்து வியந்தார்.

"பிரமாதமான துரு! யார்கிட்ட போட்டீங்க?"

"மழைகிட்ட."

"அவங்க நம்பர் கிடைக்குமா?"

ஆனால் விழாக் குழு புகார் செய்தது. பழைய வேன் திருவிழா நடக்கிற இடத்தில் ஒரு பழைய வேன் நிற்பது பார்க்க நன்றாக இல்லை. அதை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று கவுன்சில் உத்தரவிட்டது. ஐம்பது மீட்டருக்கு மேல் நகர்த்தக் கூடாது என்றும் அதே உத்தரவில் சொன்னது.

ஸ்டாவ்ரோஸ் டிரைவர் இருக்கையில் ஏறினான். சோக்கை இழுத்து, ஏதோ கிரேக்கக் கெட்டவார்த்தை சொல்லிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. மூன்றாம் முறை வெடி போட்டது போல ஒரு சத்தம். புகைக்குழாயிலிருந்து ஒரு கூடை காய்ந்த புல் பறந்து போய் எளிமையாக வாழ்கிறவர்களின் காலை உணவின் மேல் விழுந்தது. பிறகு வண்டி, வயிறு நிறைந்த எருமை மாதிரி, நிதானமாக உறுமத் தொடங்கியது. மேவிஸ் வண்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். இவ்வளவு நாள் எடுத்ததற்காக ஸ்டாவ்ரோஸைத் திட்டினாள்.

பிரிட்சர்ட் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க, வேன் அவரைப் பின்தொடர்ந்து ஊர்ந்தது. ஐம்பது மீட்டருக்கு ஒரு சாண் குறைவாக நின்றது. அந்த இடத்தில் தண்ணீர்க் குழாயும் மின்சார இணைப்பும் இருந்தது தற்செயல் என்று ஸ்டாவ்ரோஸ் இன்றுவரை சாதிக்கிறான்.

அன்று மாலை மேவிஸ் கவுன்சில் கூட்டத்தில் எழுந்து நின்றாள். முதலாளிகளோடு வாதாடிப் பழகிய குரல்.

"அந்தப் பிராணி ராத்திரி நடமாடுற பிராணி. அதோட வீடு இப்ப ஓடுற வண்டி. ராத்திரி எவனாவது ஓட்டிட்டுப் போனா, ஐம்பது மீட்டர் சட்டம் என்ன ஆவுறது? பொறுப்பு யாரு? கவுன்சில்தானே? ஒரு பராமரிப்பாளர் அங்கயே இருந்தாகணும். சம்பளம் வேண்டாம். நான் இருக்கேன்."

கவுன்சிலர்கள் கலங்கிப்போனார்கள். பொறுப்பு என்ற சொல் அந்த மண்டபத்தில் அவ்வளவாகப் புழங்கியதில்லை.

"ஆனா நீங்க அங்க தூங்கக் கூடாது," என்றார் பிரிட்சர்ட்.

"யாரு தூங்கப்போறா? கண்ணை மூடிக்கிட்டுக் கவனிப்பேன். இங்க கவுன்சிலருங்க கவனிக்கிற மாதிரி."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கண்ணை மூடிக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள் ஆதரவாகக் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள்.

மேவிஸ் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வேனுக்குக் குடிவந்தாள். வாசலில் 'வனவிலங்குக் குடியிருப்பு. பராமரிப்பாளர் பணியில் இருக்கிறார்' என்று பலகை மாட்டினார்கள். ஒளிரும் மஞ்சள் சட்டை ஒன்றும் கொடுத்தார்கள். கவுன்சில் சட்டை போட்டவர்களை ஆயுள் முழுக்கத் திட்டியவள் அதை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டாள்.

"காலரெல்லாம் மடிப்பு குலையாம இருக்கே," என்றான் ஸ்டாவ்ரோஸ்.

"வேலைன்னு வந்துட்டா ஒழுங்கா செய்யணும்டா."

செய்தி பரவியது. கார்களிலும் கூடாரங்களிலும் ஒளிந்து உறங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் ஓட்டை வண்டிகளோடு திடலுக்கு வந்தார்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பொஸ்ஸம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று சட்டம் கேட்கவில்லை. ஊர்ப் பூங்காவில் மரங்கள் வெறிச்சோடின. மேயர், வீடற்றோர் பிரச்சினை தீர்ந்துவிட்டதென்றும் இனி ஊரில் இருப்பது பராமரிப்பாளர்கள் மட்டுமே என்றும் அறிவித்தார். பராமரிப்பாளர் சங்கம் ஒன்று உருவானது. தலைவி மேவிஸ். விதி இல்லாத சங்கம் சங்கமே இல்லை என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள். விதிகளை அவளே எழுதினாள். பகலில் சத்தம் போடக் கூடாது என்பது முதல் விதி.

மழை தூறிய ஒரு மாலையில் ஷெரிலின் என்ற பெண் ஒரு பழைய காரில் வந்து இறங்கினாள். ஒரு காலத்தில் பீச் வரிசையில் மேவிஸுக்குப் பக்கத்தில் நின்று கழிப்பறை நேரத்துக்காகக் கொடி பிடித்தவளின் மகள்.

"மேவிஸம்மா, நாங்க குடியிருந்த வீட்டை வித்துட்டாங்க. இந்த ஓரமா நிறுத்திக்கட்டுமா?"

மேவிஸ் காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உன் பொஸ்ஸம் எங்க?"

"என்கிட்ட ஏதும்மா?"

"பொஸ்ஸம் இல்லாம எப்படிம்மா? விதின்னு ஒண்ணு இருக்குல்ல. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் வந்துடுவாங்க. இன்னிக்கு மழைன்னு நில்லு. விடிஞ்சதும் எடுத்துடணும்."

ஸ்டாவ்ரோஸ் ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். ஷெரிலின் காருக்குள் உட்கார்ந்து, சாப்பிடப் பிடிக்காமல், கையிலிருந்த பீச் பழத்தை நறுக்கி ஜன்னல் ஓரத்தில் வைத்தாள்.

காலையில் பிரிட்சர்ட் ஆய்வுக்கு வந்தார். வேன் அலமாரியைத் திறந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். மேவிஸின் மஞ்சள் சட்டையைப் பார்த்தார்.

"திருமதி ட்ரெலோர், உங்க பொஸ்ஸம் எங்க?"

அது ஷெரிலினுடைய காரின் பின்சீட்டில், அவளுடைய கம்பளிக்குள், பீச் கொட்டையை அணைத்துக்கொண்டு சுருண்டிருந்தது. பிரிட்சர்ட் பெருமூச்சு விட்டார். சட்டம் சட்டம்தான். வேனிலிருந்து பலகையைக் கழற்றிக் காரில் மாட்டினார். பிறகு அபராதப் புத்தகத்தை எடுத்தார். ஒரு மனிதர் ஒரு வாகனத்துக்குள் உறங்கியிருப்பதாக அவருக்குத் தெரியவந்திருந்தது.

மேவிஸ் ஒரு டப்பா பீச்சைத் திறந்து எடுத்துக்கொண்டு கார் ஜன்னலுக்கு ஓடினாள்.

"ஷெரிலின், கண்ணு, கதவைக் கொஞ்சம் திறயேன். மந்திரி, இங்க வாங்க, மந்திரி..."

"மெல்லப் பேசுங்கம்மா," என்றாள் ஷெரிலின். "பகல்ல சத்தம் போடக் கூடாது. நீங்க எழுதின விதிதானே?"

மந்திரி ஒரு கண்ணைத் திறந்தார். டப்பாவையும், சட்டையையும், அபராதப் புத்தகத்தையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு, யரகூனில் தமக்கு மட்டுமே உள்ள உரிமைப்படி, வாகனத்துக்குள் நிம்மதியாக உறங்கிப்போனார்.