அறுநூறு படிக்கு மூன்று கிலோ

திண்டுக்கல்,
22.4.1986

குஜிலியம்பாறையில் அறிவியல் வாத்தியாராக விளங்கும் மைத்துனன் சிரஞ்சீவி ஈஸ்வரனுக்கு, உன் அக்காள் புருஷன் சுப்புராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் வெங்காய மண்டியும் சுகம். அடுப்பு சுகமில்லை. அவ்விடம் நீ, உன் சம்சாரம் புவனேஸ்வரி, பதினேழு நாளாக உன் வீட்டில் தங்கியிருக்கும் உன் அக்காள் சொர்ணலட்சுமி ஆகியோரின் சுகத்துக்கு எழுதவும். கடைசியில் சொன்னவருடையதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதவும்.

பொங்கலுக்கு வந்த நீ கரும்பைக் கடித்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். வால் நட்சத்திரம் வருகிறது என்று ஆரம்பித்தாய். பூமி எல்லாவற்றையும் இழுக்கிறது, தூரம் போகப் போக இழுப்பு குறையும், இரண்டு மடங்கு தள்ளிப்போனால் பாதியாகாது, காலாகும் என்று இலையில் சோறு காயும்வரை சொன்னாய். "அப்ப மலை மேல ஏறினா எடை குறையுமா மாப்ள?" என்று கேட்டேன். "குறையும் மச்சான்" என்றாய். எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதற்குள் உனக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் தீர்ந்துபோயிற்று.

எனக்கு மஞ்சக்காமாலை வந்து கிடந்தபோது, நான் பிழைத்தெழுந்தால் தன் எடைக்கு எடை வெல்லம் தருவதாக உன் அக்காள் மலைக்கோயிலுக்கு நேர்ந்திருந்தது உனக்குத் தெரியும். மண்டித் தராசில் அவளை நிறுத்தேன். எழுபத்தெட்டு கிலோ. சாமிக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் எடைக்கு எடை என்றால் எடைக்கு எடைதான். முப்பத்தைந்து வருஷம் தராசு பிடித்த கை இது. கோயிலுக்கு அறுநூறு படி. ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கும் கணக்கை வைத்து, நூறு படிக்கு அரை கிலோ எடை குறையும் என்று வைத்தேன். மூன்று கிலோவைக் கழித்து எழுபத்தைந்து கிலோ வெல்லம் ஏற்றிப் போனோம்.

மேலே ஒரு தட்டில் சொர்ணம் உட்கார்ந்தாள். மறுதட்டில் வெல்லம் முழுவதும் வைத்தாயிற்று. அவள் தட்டு தரையை விட்டு எழவில்லை. "இன்னும் வைங்க" என்றார் தராசுக்காரர். வைக்க ஏது? பின்னால் நூறு பேர் வரிசை. நான் நிதானமாக, "இந்தத் தராச இன்னும் செத்த உசரத்துல கட்ட முடியுமா?" என்று கேட்டேன். "இதுக்கு மேல கோபுரந்தானுங்க இருக்குது" என்றார். உன் பாடத்தைக் கூட்டத்துக்கு விளக்கினேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. "அட, கட்டுன பொண்டாட்டிக்கு வெல்லத்தக் குறைச்ச மனுசன்!" என்று ஓர் அம்மாள் தன் பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் போட்டாள். பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கட்டி போட, தட்டு எழுந்தது.

உன் அக்காள் விடுவிடுவென்று படி இறங்கினாள். பஸ் ஸ்டாண்டில், "ஊரான் போட்ட பிச்சையில என் நேர்த்திக்கடன் முடிஞ்சது. தூரம் போகப் போக எடை குறையும்ல? என் தம்பி வீட்டுக்குப் போறேன். ஒங்களுக்குக் கனமில்லாம இருக்கும்" என்று சொல்லிவிட்டு உன் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

இப்போது நீ கார்டு போடுகிறாய். தூரத்தைப் பூமியின் நடுவிலிருந்து அளக்க வேண்டுமாம், அறுநூறு படி அதன் முன்னே ஒன்றுமே இல்லையாம், "மூன்று கிலோ இல்லை மச்சான், மூன்று கிராம்" என்கிறாய். அதுவும் மறுதட்டில் இருக்கும் வெல்லத்துக்கும் அதே அளவு குறைந்துவிடுமாம். தராசு பிடிப்பவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். தோன்றவில்லை. வாத்தியார் சொன்னால் நம்பிவிடுகிற வழக்கம் எனக்கு.

அந்த இழுப்பு எங்கேதான் முடியும் என்று போன கடிதத்தில் நான் கேட்டதற்கு, குறையுமே தவிர முடியவே முடியாது, அந்த வால் நட்சத்திரம் அவ்வளவு தூரம் போனாலும் சூரியன் விடாது, எழுபத்தாறு வருஷத்தில் திரும்பி வரும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஐம்பத்தெட்டு நடக்கிறது. கூட்டிப் பார். இன்னொன்றும் கேட்கிறேன். உன் கணக்குப்படி உன் அக்காள் அடுப்படியில் இருந்தபோது எனக்கு இழுப்பு அதிகமாகவும், உன் ஊருக்குப் போன பிறகு இம்மியளவாகவும் இருக்க வேண்டும். இங்கே தலைகீழாக இருக்கிறது. பத்தடியில் இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. இப்போது சாயங்காலமானால் வீட்டுக்குள் போகவே பிடிக்கவில்லை. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை மாப்ள. இதற்கு உன் புத்தகத்தில் பதில் இருந்தால் எழுது.

ஆனால் நான் அங்கே வரமாட்டேன். போனவள்தான் வர வேண்டும். நான் உன் வாசப்படி மிதித்தால் என் பேர் சுப்புராஜ் இல்லை. இதை உன் அக்காளுக்கு உரக்கப் படித்துக் காட்டவும்.

வீட்டில் எல்லாரும் நோய் நொடியில்லாமல், நிறுக்க அவசியமில்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டுமென்று வாழ்த்தும்,

சுப்புராஜ்

பி.கு.: கார்டின் ஓரத்தில் நீ பொடி எழுத்தில் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டு இப்போதுதான் படித்தேன். இரண்டு பொருளும் ஒன்றையொன்று ஒரே அளவுதான் இழுக்குமாம், ஆனால் கனம் குறைந்ததுதான் அதிகம் நகருமாம். காமாலைக்குப் பிறகு நான் ஐம்பத்தொரு கிலோ. அவள் எழுபத்தெட்டு. ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை எரியோடு வழி பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். குறைந்த வெல்லத்தையும் ஒரு பையில் அள்ளி வைத்திருக்கிறேன். நிறுக்கவில்லை.