லேசான ஈரம்

அக்டோபர் மூன்றாவது திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, மலேசியாவின் பத்து பாகாட்டில் இலையுதிர்காலம் தொடங்கியது. தலைமையகத்திலிருந்து மின்னஞ்சலில் வந்தது. இணைப்பில் பன்னிரண்டு பக்கப் பாடம், மதிப்பெண் அட்டவணை, சிவந்த இலை ஒன்றின் படம்.

நான் வணிக ஆங்கிலப் பயிற்றுநர். திரைச்சீலைத் துணி நெய்யும் தொழிற்சாலையில், கேன்டீனுக்கு மேலே உள்ள அறையில், வாரம் இரண்டு வகுப்பு. பாடத்தின் பெயர் ‘பருவச் செய்திகளும் பிரிட்டிஷ் பண்பாடும்’. நான் போன ஒரே வெளிநாடு சிங்கப்பூர், அதுவும் பஸ்ஸில். இருந்தாலும் பதினொரு வருடங்களாக பிரிட்டனின் வானிலை ஜொகூரின் இந்தப் பகுதியில் என் பொறுப்பில்தான் இருக்கிறது.

பருவத்தை மாணவர்கள் உணர வேண்டும் என்று பாடம் சொன்னது. ஏர்கோனைப் பதினாறில் வைத்தேன். பன்னிரண்டு பேரும் உணர்ந்தார்கள்.

“இலைகள் விழுந்ததால் ரயில்கள் தாமதம்” என்று செய்தியை வாசித்தேன்.

“இலை விழுந்தா ரயிலு நின்னுருமா சார்?” என்றார் செல்வராணி.

“நிற்கும்.”

“நம்ம ஊர்லதான் ரயிலே இல்லையே, எங்க நிக்கிறது?” என்றான் சாயப் பிரிவு மதிவாணன். “அதுக்கு குளுவாங் போவணும்லா.”

“நான் பொறந்த எஸ்டேட்ல ரப்பர் மரம் எல எல்லாம் கொட்டிரும் சார்” என்றார் செல்வராணி. “ஆனா அது பிப்ரவரியில.”

பிப்ரவரியில் இலை விழுவதற்குப் பாடத்தில் இடமில்லை. தவறு என்று குறித்துக்கொண்டேன். அந்த மரங்களை நானும் பார்த்திருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

செல்வராணி தறிப் பிரிவின் மேற்பார்வையாளர். பதினேழு வருடம், பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, நின்றுகொண்டே. இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஏற்றுமதிப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த வேலைக்கு நாற்காலி உண்டு. என் சான்றிதழ் இல்லாமல் அந்த நாற்காலி இல்லை.

“சார், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒக்காந்து வேலை செய்யணும்” என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

பாடத்தின் உயிர் ஏழாம் பக்கத்தில் இருந்தது. பிரிட்டிஷ்காரர் எந்தத் துன்பத்தையும் சிறிதாக்கிச் சொல்வார். வானிலையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் உண்மையான சேதம் எதையும் குறிப்பிடக்கூடாது. குறிப்பிட்டால் பத்து மதிப்பெண் குறையும்.

“கூரை பறந்துபோனா?” என்றான் மதிவாணன்.

“லேசான காற்று.”

“ஆளே பறந்துட்டா?”

“நல்ல காற்று.”

“அலமாக்! செத்தாக்கூட ‘கொஞ்சம் அசதி’ன்னுதான் சொல்லணும் போல.”

டிசம்பரில் தேர்வு. அதற்கு முந்தின இரண்டு நாளும் மழை விடவில்லை. தொழிற்சாலைக் கிடங்கில் தண்ணீர் புகுந்து நானூறு உருளை துணி நனைந்துவிட்டது. தேர்வறை மாடியில் இருந்ததால் தேர்வு ஒத்திவைக்கப்படவில்லை. செல்வராணி சிலுவாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தார்.

வானிலை எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். “லேசான ஈரம்” என்றார் ஆங்கிலத்தில். “மோசமில்லை.”

நூற்றுக்கு நூறு. பதினொரு வருடங்களில் முதல் முறை.

ஜனவரியில் நாற்காலி கிடைத்தது. முதல் வாரமே லீட்ஸ் நகரத்து வாடிக்கையாளர் டெரெக் வீடியோ அழைப்பில் வந்தார். உங்கள் ஊரில் வெள்ளம் என்று கேள்விப்பட்டேன், சரக்குக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார். அப்போது நானூறு உருளைகளும் கார் நிறுத்துமிடத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

“லேசான ஈரம்” என்றார் செல்வராணி. “மோசமில்லை.”

பக்கத்தில் இருந்த மனிதவள அதிகாரி ஜெரால்டின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். டெரெக் நிம்மதியாகக் கப்பலில் இடம் பிடித்தார். துணி காயவில்லை; அந்த இடம் காலியாகவே போனது.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

“செல்வராணி, ஏன் அப்டி சொன்னீங்க?” என்றார் ஜெரால்டின்.

“சார் சொல்லிக் குடுத்தாரு மிஸ்.”

“சரியாச் சொல்லலன்னா திரும்பத் தறிக்குத்தான் அனுப்பணும். மேல கேக்குறாங்க.”

செல்வராணி முழங்காலைத் தடவிக்கொண்டார்.

நான் பாடத்தையும் மதிப்பெண் பட்டியலையும் மேசையில் வைத்தேன். குழு இரண்டு மணி நேரம் ஆராய்ந்தது. பாடம் தலைமையகத்தின் ஒப்புதல் பெற்றது. எனவே பாடத்தில் பிழையில்லை. செல்வராணி நூறு வாங்கியவர். எனவே அவரிடமும் பிழையில்லை. ‘லேசான ஈரம்’ என்றால் வெள்ளம் என்பதைப் புரிந்துகொள்ளாதவர் ஒருவர்தான். வாடிக்கையாளருக்கு பிரிட்டிஷ் பண்பாடு போதவில்லை என்று முடிவாயிற்று. அவரைக் கட்டணமின்றி நம் வகுப்பில் சேர அழைப்பது என்றும், அவருடைய தேர்வு முடிவு வரும்வரை செல்வராணி நாற்காலியில் தற்காலிகமாக அமரலாம் என்றும் தீர்மானம் எழுதினார்கள். டெரெக் தேறிவிட்டால் பிழை செல்வராணியுடையது; தேறாவிட்டால் நாற்காலி நிரந்தரம்.

டெரெக் சேர்ந்தார். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. நமக்கு மாலை நாலு மணி, அவருக்குக் காலை எட்டு. இதெல்லாம் தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தத்தோடு குறிப்பெடுத்தார்.

“சார், அவரு ரொம்ப நல்லாப் படிக்கிறாரு” என்றார் செல்வராணி ஒரு நாள், மெல்ல.

மார்ச்சில் தேர்வு. தேர்வருக்குப் பேச்சுத்துணை ஒருவர் வேண்டும் என்பது விதி. நூறு வாங்கியவர் என்பதால் செல்வராணியையே கேமராவின் முன் உட்காரவைத்தோம்.

வானிலை எப்படி என்று கேட்டேன். பனி கொட்டுகிறது, பாய்லர் கெட்டுவிட்டது, அம்மாவுக்கு நெஞ்சில் சளி என்றார் டெரெக். சேதம் மூன்று, முப்பது குறைத்தேன். ஆனால் உச்சரிப்பு அவருக்குச் சாதகமாக இருந்தது. மற்ற பிரிவுகளையும் கூட்டிப் பார்த்தால் நாற்பத்தைந்து. தேர்ச்சிக்கு நாற்பது போதும்.

செல்வராணி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது டெரெக் கையிலிருந்த தேர்வு அட்டையைக் கீழே வைத்துவிட்டார். “செல்வராணி, அன்றைக்கு நீங்கள் சொன்னது இருக்கட்டும். உங்கள் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் வந்தது?”

செல்வராணி எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்துக் காட்டினார்.

அறிமுகமில்லாதவரின் வீட்டு விஷயத்தைக் கேட்பது ஒன்பதாம் பக்கத்தின்படி பண்பாடல்ல. பத்து குறைத்தேன். முப்பத்தைந்து. தோல்வி.

அவர் நிறுத்தவில்லை. எங்கே தூங்கினீர்கள் என்றார். பத்து. “சூராவ் மாடியில, ஒம்போது நாளு” என்று செல்வராணி தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு முஸ்லிம்களின் தொழுகைக்கூடத்து மாடி என்று ஆங்கிலத்தில் சொன்னார். யார் உதவினார்கள் என்றார் டெரெக். பத்து. அவர் கேட்கக் கேட்க நான் குறைத்துக்கொண்டே போனேன். பூஜ்யத்துக்குக் கீழே எழுத அட்டவணையில் கட்டம் இல்லாததால் அங்கே நிறுத்தினேன்.

தீர்மானத்தின்படி செல்வராணிக்கு நாற்காலி நிரந்தரமாயிற்று.

அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் நான் இருக்கிறேன், மேட்டுப் பகுதியில். இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட அவரிடம் நான் கேட்டதில்லை. எனவே பிரிட்டிஷ் பண்பாட்டில் எனக்கு இதுவரை ஒரு மதிப்பெண்ணும் குறைந்ததில்லை.