ஈரக்கட்டை அழுத காலை

சோம்பேறிக்கு அறிவியல் தெரிந்தால் ஊருக்கே ஆபத்து. எட்டாவதோடு நின்ற எனக்கு அது கொஞ்சூண்டு தெரிந்திருந்தது.

எங்கள் வீடு பழவேற்காடு ஏரிக்கரையில். அக்கா கஸ்தூரியை நிச்சயம் பண்ண எதிர்க்கரையிலிருந்து தோணியில் வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை அவளே ஆசைப்பட்ட ஆள். அவர் அம்மாதான் பூனை தும்மினாலும் சகுனம் பார்க்கிற ரகம். சின்னத் தடங்கல் என்றாலும் வேறு பெண் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டாராம். அந்த அம்மாவை மடக்க அக்காவிடம் இருந்த ஒரே ஆயுதம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் புகை போட்ட மடவை மீன்.

"டேய், சவுக்கப் பொளந்து வெயில்ல போடு. தூக்குனா லேசா இருக்கணும், தட்டுனா டொக்குனு கேக்கணும். உள்ள துளி ஈரம் போதும். ஜாஸ்தியாச்சு, மீனு கசந்துடும்" என்றாள்.

(தட்டிப் பார்க்க அது என்ன தர்பூசணியா?)

நான் பிளக்கவில்லை. கிரிக்கெட் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம், முகத்துவாரத்துப் பக்கம் யாரோ விட்டுப்போன வலைக்கம்புகளைப் பிடுங்கி வந்து அறுத்து வைத்தேன். அதுவும் சவுக்குதான், வருஷக்கணக்காகத் தண்ணீரில் நின்ற சவுக்கு. துளி ஈரத்துக்கே புகை வருமென்றால் ஊறிய கட்டைக்கு எவ்வளவு வரும்! விறகுக்கு அலைகிற ஊரில் அந்தக் கம்புகளை மட்டும் ஏன் யாரும் தொடவில்லை என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அறிவியல் போதவில்லை.

அன்று காலை ஏரி முழுக்கப் பனி. தகர டிரம்மில் மீனைத் தொங்கவிட்டு, அடியில் தேங்காய் மட்டையைக் கொளுத்தி, கட்டைகளை அடுக்கினேன். புகை மேலே போகவில்லை. வெள்ளையாக, தடிமனாக, தரையோடு ஊர்ந்து தண்ணீர்மேல் இறங்கிப் போனது, யாரோ கூப்பிட்ட மாதிரி. அறுத்த முனைகளில் பழுப்பு நுரை கொப்பளித்துச் சொட்டியது. தெருநாய் ஒன்று அதைப் பார்த்துவிட்டு, திரும்பாமல் அப்படியே பின்வாங்கியபடி நடந்து போனது.

அப்புறம் கட்டை அழுதது.

முதலில் உஸ்ஸென்று. பிறகு குழந்தை சிணுங்குகிற மாதிரி. கடைசியில் ஒரு பொம்பளை வாயில் துணியை அடைத்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிற மாதிரி, ஏறி இறங்கி.

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "யாருடா அது அழுவுறது?"

"யாரும் இல்லம்மா, கட்டை."

"கட்டைக்கு யாருடா செத்தாங்க?"

அதற்குள் பனிக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் அம்மா குரல். "இன்னாடா இது, எழவு ஊடு மாதிரி கீது! திருப்புடா தோணிய!"

கோல் தண்ணீரில் இறங்குகிற சத்தம் கேட்டது. தோணி திரும்புகிறது.

அக்கா பட்டுப்புடவையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. இடுக்கியால் டிரம்முக்குள்ளிருந்து கத்துகிற கட்டையைப் பிடித்து இழுத்தாள், ஏரியில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, அப்புறம் பனி அவளை மூடிவிட்டது. அழுகை மட்டும் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே! இதான் அத்தே அழுவுது. என் தம்பி வச்ச ஈரக்கட்டை. நல்லாப் பாத்துக்கோங்க."

கோல் சத்தம் நின்றது.

"உன் தம்பிக்கு புத்தி கித்தி கீதா?"

"இருந்தா இது ஏன் அத்தே அழுவுது?"

ஒரு ஆம்பளைச் சிரிப்பு வெடித்தது. கட்டை தண்ணீரில் விழுந்து சுர்ரென்றது. தோணி கரைக்கு வந்தது.

மீன் வேப்பங்கொழுந்தாகக் கசந்தது. அத்தை ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு, "மீனு வெசம். பொண்ணு தங்கம். தாம்பூலத்த எடுங்க" என்றார்.

இன்றைக்கும் அக்கா வீட்டில் குக்கர் விசில் அடித்தால் "உன் தம்பி வந்துட்டான்டி" என்பார் மாமா. எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான். யாராவது புதிதாக வந்தால் கதையை முதலிலிருந்து எடுப்பார். "எங்க கரையில தோணி ஏறும்போதே எனக்கு அந்த அழுகை கேட்டுச்சுப்பா, அம்மாகிட்ட சொல்லல. கும்மிருட்டு..."

அடுத்த வரிக்குள் சிரிப்பு வந்துவிடும். யாரும் யோசிப்பதில்லை. ஊரையே கலாய்க்கிற நான் அந்த இடத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. நான் தீக்குச்சி உரசியது நன்றாக விடிந்த பிறகு.