மலையை இறக்கிய சங்கு

ஒரு மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அத்தனை பேரையும் வேலை நேரத்தில் ஒரே மூச்சில் கீழே இறக்கியிருக்கிறீர்களா? நான் இறக்கியிருக்கிறேன். வேலைநிறுத்தம் இல்லை, சிறுத்தை வரவில்லை, குளவி கலையவில்லை. ஒரு விஞ்ஞானப் பாடத்தால் இறக்கினேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் நான் சொல்லாவிட்டால் அம்மா சொல்லிவிடுவார், அது இன்னும் மோசம்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. கொழும்பில் மல்டிமீடியா டிப்ளோமா முடித்துவிட்டு, வட்டகொடைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்துக்குக் காதில் ஹெட்போனோடு வந்து இறங்கினேன். (அது எதிலும் செருகியிருக்கவில்லை. சும்மா ஒரு கெத்துக்கு.) ஒரு தொண்டு நிறுவனம் என்னைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்திருந்தது. பாடத்தை சினிமாக் கதையாக எடுத்து, தலையில் மாட்டுகிற ஒரு கருவி வழியாகப் பிள்ளைகளை அந்தக் கதைக்குள்ளேயே நடமாட விடுவதுதான் வேலை. கருவி, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை யாரோ முன்பின்னாக மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு கண்ணுக்கும் இரண்டு குட்டித் திரை. தலையைத் திருப்பினால் படமும் திரும்பும்.

கொழும்பிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். அவர் தலையாட்டினால் எங்கள் தோட்டப் பாடசாலைக்குக் கம்ப்யூட்டர் அறை, எனக்கு நிரந்தர வேலை. ஆட்டாவிட்டால் இரண்டும் கிடையாது.

நான் எடுத்த கதையில் கதாநாயகன் ஒரு கொழுந்து. கருவியை மாட்டுகிறவர்தான் அந்தக் கொழுந்து. ஃபேக்டரிச் சங்கு ஊதும், கூடையில் விழுவீர்கள், லொறியில் குலுங்குவீர்கள், ஃபேக்டரி மாடியில் வாடுவீர்கள். அப்போது திரையில் ஒரு கேள்வி வரும்: அரைக்கும் முன்னால் உங்களை ஏன் வாட்டுகிறார்கள்? சரியான விடையை அழுத்தினால் அடுத்த காட்சி. பிழையென்றால் மறுபடி செடிக்கே போய், சங்கிலிருந்து தொடங்க வேண்டும். கதையும் இருக்கிறது, ஒழுங்கும் இருக்கிறது என்று எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

சத்தம் பொய்யாக இருந்தால் படமே பொய் என்று படித்திருந்தேன். அதனால் வேலை தொடங்கவும் முடியவும் ஊதுகிற எங்கள் ஃபேக்டரிச் சங்குக்கு நேர் கீழே நின்று அதன் ஊதலைப் பதிவு செய்தேன். (இரண்டு நாள் காது கேட்கவில்லை.) கருவியை ஒருவர்தான் மாட்டலாம், மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கேட்காதே என்று கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற லவுட்ஸ்பீக்கரை இரவல் வாங்கிப் பாடசாலைக் கூரையில் கட்டினேன். அது எந்தப் பக்கம் பார்த்தது என்பதை நான் பார்க்கவில்லை. அது மலையைப் பார்த்தது.

அதிகாரி பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து சேர்ந்தார். வெளியே மூட்டம், சூரியன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. “இந்த முறையில் விடையை யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டோம், கற்பவரே தேடிக் கண்டடைவார்” என்று நான் ஒரு சின்ன உரை ஆற்றினேன். டை வேறு கட்டியிருந்தேன். பிறகு அவர் தலையில் கருவியை மாட்டிப் பட்டியை இறுக்கினேன்.

சங்கு ஊதியது. அவர் கூடையில் விழுந்தார், குலுங்கினார், வாடினார். கேள்வி வந்தது. கழுவிய தண்ணீர் காய்வதற்காக என்று அழுத்தினார். பிள்ளைகள் சிரிப்பை அடக்கினார்கள். கொழுந்தை யார் கழுவுவது? மறுபடி செடி, மறுபடி சங்கு. அடுத்த தடவை பூச்சி போவதற்காக என்றார். மூன்றாவது சங்கு. மனுஷன் எவ்வளவு ஆர்வமாக இருக்கிறார் என்று நான் பூரித்துப்போய் நின்றேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பாடசாலைக்கு அதிபராயிருந்தவர் ஜன்னலோரம் நின்றார். மெதுவாக என் தோளைத் தட்டினார்.

“தம்பி, அந்த மனுசனுக்கு விடையைச் சொல்லிவிடும். மலை முழுக்க இறங்கி வருது.”

எட்டிப் பார்த்தேன். மூட்டத்துக்குள்ளிருந்து வரிசை வரிசையாகக் கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். மாலைச் சங்குக்கு முன்னால் மலையை விட்டு இறங்கினால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். இறங்கிய கூட்டத்தில் என் அம்மாவும் இருந்தார். உள்ளே என் நிரந்தர வேலை, இறுக்கிய பட்டியோடு, ஹெல்மெட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. நான் அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். (இதில் வீரம் ஒன்றும் இல்லைங்க. அரைப்பேரோட வீட்டுக்கு வர்ற அம்மாவ நீங்க பாத்ததில்ல.)

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கண்டாக்கையா, அதாவது மலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். சங்கு ஊதியதென்று பெண்கள் சொன்னார்கள். ஒரு தரம் இல்லை, மூன்று தரம்; என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்களாம். ஃபேக்டரியில் யாரும் ஊதவில்லை என்றார் அவர். நான் டையோடு நடுவில் போய் நின்றேன்.

“ஐயா, ஊதுனது நான்தாங்க.”

“நீயா? எதுல ஊதுன?”

“கம்ப்யூட்டர்லங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப எல்லாருக்கும் பேரையும் கம்ப்யூட்டர்லயே போட்டுக்கச் சொல்லு.”

அந்த நேரம் பாடசாலைப் பக்கமிருந்து நாலாவது சங்கு ஊதியது. மடுவம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. அம்மா கூடையை இறக்கிவைத்தார்.

“காலையில என்னமோ பெருசா செய்யப் போறேன்னியே. இதுதானா அது?”

கடைசியில் கண்டாக்கையா ஒரு வழி சொன்னார். எல்லாரும் திரும்பி மலைக்கு ஏற வேண்டும், விட்ட நேரத்தைப் பறித்துக் கொடுக்க வேண்டும், சங்கு ஊதியவனும் கூடையோடு ஏற வேண்டும். அப்படியென்றால் முழுப்பேர். ஏறினேன். இடுப்பில் சாக்கு, கழுத்தில் டை. நான் பறித்ததை நிறை பார்க்காமலே கொட்டினார்கள். பாதி முற்றின இலையாம். ஆனால் எல்லோருக்கும் முழுப்பேர் விழுந்தது.

அதிகாரியின் கதையை அதிபர்தான் பிறகு சொன்னார். அத்தனை வளைவையும் பஸ்ஸில் தாண்டி வந்தும் அசையாத மனுஷன், ஆடாத நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாந்தி எடுத்தாராம், அதுவும் என் விசைப்பலகை மேல். பட்டியைக் கழற்றிவிட்டதும் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “எதுக்குத்தான் வாட்டுறாங்க?” ஈரம் குறைய என்று முன்வரிசைப் பிள்ளை ஒன்று சொல்லியிருக்கிறது. அவர் தலையாட்டவில்லை. கம்ப்யூட்டர் அறை உடப்புசல்லாவைப் பக்கம் போய்விட்டது.

நான் இப்போது அதே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், கரும்பலகையில், சோக்கட்டியால். பிள்ளைகள் முன்னால் சேர் என்கிறார்கள், பின்னால் சங்கு சேர். வீட்டில் இன்னும் மோசம். சங்கு ஊதும்போதெல்லாம் அம்மா குசினியிலிருந்து, “தம்பி, நீயா?” என்று கேட்பார். நான் இல்லை என்று சொன்ன பிறகுதான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பார். மலையில் இருப்பவர்களும் சங்கு கேட்டால் கடிகாரம் கட்டியவர் யாரென்று முதலில் தேடுகிறார்களாம்.

இதோ, ஊதுகிறது. இன்னும் ஒருத்தரும் இறங்கவில்லை.