பன்னிரண்டாம் பக்கத்துக்கு மேல்

ஆதாரம் ஐயா பைண்டிங் கடைக்காரருக்கு ஆயிரத்து இருநூறு பாக்கி வைத்து நாலு மாதம் ஆகிறது. அதை விடுங்கள், சின்னக் கடன். அவருடைய இனம் பெரிது. எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் ஆதாரம் பேசுகிற இனம்.

பெண்ணாகப் பிறந்து தன்னை ஆணாகவோ, ஆணாகப் பிறந்து பெண்ணாகவோ உணரும் பிள்ளைகளுக்கு எந்த வயதில் என்ன மருந்து, யார் மேற்பார்வை என்று முடிவு செய்ய மருத்துவமனையில் ஒரு குழு. அதில் இரும்புக்கடை முதலாளியான இவர் பொதுமக்கள் சார்பு. ஆராய்ச்சிகளைத் தொகுத்த முந்நூறு பக்க அறிக்கையை ஆளுக்கொன்றாகப் பைண்ட் பண்ணும் வேலையை, என் செலவு என்று மார்தட்டி வாங்கிக்கொண்டார். புத்தகங்கள் வந்தன. காசு போகவில்லை.

கூட்டத்தில் அவர் வாசிக்கமாட்டார், தட்டுவார். அட்டையில் மூன்று தட்டு. "ஒரு சொட்டு மருந்தும் கூடாதுன்னு இதுல தெளிவா போட்டிருக்கான்." எதிரே ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அதே இனத்தின் மறுபாதி. "ஒரு நாள் தள்ளினாலும் ஆபத்துன்னு இதே புத்தகத்துல தெளிவா இருக்கு." அவரும் மூன்று தட்டு. கம்ப்யூட்டரிலேயே முழுதும் படித்துவிட்டதால் புத்தகமே வேண்டாம் என்ற ஹார்மோன் டாக்டர் மட்டும், சிலதுக்கு ஓரளவு பதில் உண்டு, பலதுக்கு இன்னும் தெரியாது, ஒவ்வொரு பிள்ளையையும் நிதானமாகக் கேட்டுப் பார்க்கவேண்டும் என்பார். அவ்வளவு படித்துவிட்டுத் தெரியாது என்கிறாளே என்று இரண்டு தட்டாளர்களும் பரிதாபப்படுவார்கள். கூட்டம் ஒத்திவைக்கப்படும்.

வராந்தா பெஞ்சில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையும் அம்மாவும். குழுவின் முன் பத்து நிமிடம் பேச அழைப்பு. நாலு முறை லீவு போட்டு வந்து, நாலு முறையும் கூப்பிடப்படாமல் திரும்பியவர்கள். குழு முடிவு சொல்லும்வரை அந்தப் பிள்ளைக்கு ஆமாமும் கிடையாது, இல்லையும் கிடையாது.

ஐந்தாம் முறை ஐயா போனில் கர்ஜித்தபடி புத்தகத்தைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். நாலு மாதத்தில் அதை முதன்முதலாகத் திறந்தது அந்தப் பிள்ளைதான். கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது.

"ஐயா, மறந்துட்டீங்க. பன்னெண்டாம் பக்கத்துக்கு மேல எல்லாம் பாய்லர் ரிப்பேர் டெண்டரா இருக்கு. என்னைப் பத்தி எங்க போட்டிருக்கு?"

எல்லோரும் அவரவர் புத்தகத்தைப் புரட்டினார்கள். எல்லாவற்றிலும் பாய்லர். தலைமையாசிரியை தன்னுடையதைச் சத்தமில்லாமல் மூடினார். புதுப் புத்தகம் வரும்வரை கூட்டம் ஒத்திவைப்பு. டாக்டர் மட்டும் எழுந்து, அந்தப் பிள்ளை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஐயா நேராகப் பைண்டிங் கடையில் போய்க் கத்தினார். கடைக்காரர் பசைக் கையைத் துடைத்தார்.

"கட்டு மாறிப்போச்சு, தப்புதான். பாய்லர்காரர் மறுநாளே வந்து திட்டித் தீர்த்துட்டார். அப்பவே உங்களுதையும் சரியா போட்டு எடுத்து வெச்சேன். நாளைக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு பாத்தேன். பாய்லர்காரர் படிச்சிருக்கார் போல."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி. போன வாரம் சாப்பாட்டு மேசையில், ஆராய்ச்சியே சொல்லுது என்று ஒருத்தர் வாயை அடைத்தீர்களே, அதில் எத்தனை பக்கம் படித்திருந்தீர்கள்?

கடைக்காரர் புத்தகக் கட்டை நகர்த்திவிட்டுக் கையை நீட்டினார். ஐயா அதன் மேலட்டையில் மூன்று தட்டுத் தட்டி, "முடிவு என்னமோ நான் சொன்னதுதான்" என்றபடி, விரித்த உள்ளங்கையில் ஒவ்வொரு நூறு ரூபாய்த் தாளாக எண்ணி வைத்தார்.