வைஸ்ராய் மாளிகையில் ஒரு கோழி

கோழி மறுபடியும் வைஸ்ராய் மாளிகைமேல் உட்கார்ந்திருந்தது.

"சவமே, எறங்கு!" தேவகுமார் நோட்டை ஓங்கினான். கோழி கண்ணை மூடித் திறந்தது. அவ்வளவுதான்.

புது டெல்லி திறந்து ஒரு மாதம் ஆகவில்லை. அது தலைநகரான கதையை மணலில் நகரத்தின் மாதிரி செய்து விளக்க வேண்டும். ஆறு மணிக்கு வாத்தியார் பயிற்சி மாலை வகுப்பைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருகிறார். தேறினால் வாத்தியார் வேலை. தவறினால் மாமாவின் சுண்ணாம்புச் சூளை.

தேவகுமார் எதையும் வரிசைப்படி செய்கிறவன். பள்ளி பெருக்கும் ஜெயபாய் நான்கு நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்ததால், வகுப்பறையின் கிழக்கு மூலையை அவனே சுத்தம் செய்தான். அங்கே கிடந்த வைக்கோலையும் பழைய ஓலைக் கடவப் பெட்டியையும் வெளியே எறிந்தான். மணவாளக்குறிச்சிக் கருமணலில் மேடு கட்டி, சிரட்டையைக் கவிழ்த்து மாளிகைக்குக் குவிமாடம் வைத்தான். பிறகுதான் சந்தேகங்கள் வந்தன.

"ராஜையா, ரோடு ஒரு விரக்கடை கோணிட்டோ?"

பக்கத்து பெஞ்சு ராஜையன் கொட்டாவி விட்டான். "நீ டெல்லிக்குப் போயிருக்கியா?"

"இல்ல."

"பின்ன எதுக்குலே அளக்க? மொதல்ல கோழிய வெரட்டு. யாருக்க கோழி இது?"

"கர்த்தருக்குத்தான் தெரியும்."

தேவகுமார் கோழியை விரட்டிவிட்டு, மாளிகையைச் சுற்றிக் கல்லடுக்கிக் கோட்டை கட்டினான். கோழி பறந்து உள்ளே குதித்ததில் குவிமாடம் உருண்டது. வாசலில் அரிசி தூவி அழைத்தான். தெருக்கோழிகள் ஏழு வந்து ராஜபாட்டையைக் கிளறிப் போட்டன. இந்தக் கோழி மட்டும் அசையவில்லை.

"தலைநகரையே மாத்திரு மக்கா," என்றான் ராஜையன். "வெள்ளக்காரன் கல்கத்தாவுலயிருந்து மாத்தலியா?"

வேறு வழியில்லை. கோழியைத் தூக்கி வெளியே விட்டு, மாளிகையை மேற்கு மூலைக்குக் கொண்டுபோனான். காலியான இடத்தில் பார்லிமெண்டை வைத்தான். திரும்பி வந்த கோழி மாளிகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகப் போய் பார்லிமெண்டின்மேல் உட்கார்ந்தது.

வெளியே வில்வண்டி நின்றது. தேவகுமார் தோளில் கிடந்த நேரியலை எடுத்துக் கோழிமேல் போர்த்தினான்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டினார். "அது என்ன?"

"ரைசினா குன்று, ஐயா."

குன்று கொக்கரித்தது.

ராஜையன் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடத் தொடங்கினான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "சரி, ஒரே கேள்வி. நகரம் கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது?"

தேதிகள் எல்லாம் மனப்பாடம். இது மட்டும் நோட்டில் இல்லை.

"வெறும் தரிசு, ஐயா," என்றான். "ஒண்ணுமே இல்ல."

காய்ச்சல் விட்டு அப்போதுதான் துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்ற ஜெயபாய் மூலையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லியா? ஏலே, எனக்க கோழி முட்டையிடுத கடவம் இருந்த எடம்லா அது!"