துகளுக்கெல்லாம் ஜோடி தேடுகிறவன்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நானும் மகளும் சுகம். அத்தானின் முழங்கால் வலி தேவலையா? என் மகள் கட்டிக்கொண்டே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கும் பையனைப் பற்றி என் முடிவைக் கேட்டிருந்தாய். முடிவு இதுதான்: வேண்டாம்.

காரணத்தைக் கேள். நான் காலமெல்லாம் ஸ்கேலார் புலம் என்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுவது உனக்குத் தெரியும். அறைக்குள் எங்கே தொட்டாலும் ஒரு வெப்பநிலை இருக்கிறதல்லவா, அதுமாதிரி இடத்துக்கு ஓர் எண். திசை இல்லை, சுழற்சி இல்லை, வம்புதும்பு இல்லை. ஒரே குறை, அதன் நிறையைக் கணக்கிட்டால் மட்டும் விடை முடிவிலி என்று வந்து வருஷக்கணக்காக என் உயிரை வாங்குகிறது. நான் பாடம் நடத்தும் கல்லூரியில் பக்கத்து அறைக்கு வாத்தியாராக வந்திருக்கும் இந்த மகானுபாவன் என் கரும்பலகையைப் பார்த்துவிட்டு, "சார், இது தனியா நிக்குதே, சூப்பர்சிமெட்ரி சேர்த்துடலாம்" என்கிறான். அதாவது ஒவ்வொரு வகைத் துகளுக்கும் சுழற்சியில் அரை வித்தியாசப்படும் ஜோடி ஒன்று உண்டாம். எங்கே, ஒன்றைக் காட்டு என்றேன். இதுவரை யாரும் பார்த்ததில்லையாம். யாரும் பார்க்காத ஜோடிகளுக்குத் தரகு வேலை பார்க்கிறான், அதற்குப் பெயர் ஆராய்ச்சி.

ஜோடியோடு விட்டானா? கணக்கு சமமாக என் ஒரு புலம் இரண்டாகணுமாம். அதுக்கும் மேல துணைப்புலம்னு ஒண்ணு. பரவாது, துகளாகவும் ஆகாது, சும்மா உட்கார்ந்திருக்குமாம், ஆனா இருந்தே தீரணுமாம். தண்டச்சோறுக்கு என் பலகையில இடமில்லேன்னு டஸ்டரை எடுத்து அழிச்சிட்டேன். அவனுக்குக் கோபம்கூட வரல அக்கா, "இப்ப நீங்களே போட்டுப் பாருங்க சார்"னு சிரிச்சிக்கிட்டே டீ குடிக்கப் போயிட்டான். அந்தத் திமிரைத்தான் சொல்றேன். என் மகளோ, அவர் உங்க கணக்கை முடிச்சுக் கொடுக்கத்தானே வந்தார்னு எனக்கே பாடம் எடுக்கிறா. அவ அம்மாவும் போயாச்சு, இவளும் போயிட்டா இந்த வீட்டுல நான் ஒண்டி ஆளு, அதை யோசிச்சாளா?

ஆகவே என் மறுப்பை நீயே பக்குவமாக அவளிடம் சொல்லிவிடு. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுமுன் அவன் தப்பை நிரூபித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். துணைப்புலம் இல்லாமல் போட்டால் கணக்கு கூடி வரவே இல்லை. வேறு வழியின்றி அவன் எழுதியபடியே எல்லாவற்றையும் வைத்துப் போட்டேன். ஸ்கேலாரின் நிறையில் புகுந்து என் தலைமுடியையெல்லாம் கொட்டவைத்த முடிவிலி, அந்த ஜோடி கொண்டுவந்த முடிவிலியோடு கழிந்தே போய்விட்டது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது. மகளிடம் ஒன்றும் சொல்லாதே. அத்தானோடு உடனே கிளம்பி வா, பேசி முடித்துவிடலாம். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டிலேயே இருப்பானா என்று மட்டும் நீ அவனைக் கேள். நான் கேட்டால் நன்றாக இருக்காது.